மாமாவின் ரீல்

நம் வீட்டுச் சாமான்களில் பலவற்றுக்கு ஒரு கைதான் தெரியும். இதைக் கவனித்திருக்கிறீர்களா? கையால் சுற்றுகிற தையல் மெஷினுக்குச் சக்கரம் எப்போதும் வலப் பக்கத்தில்தான். கத்தரிக்கோலை இடது கையில் மாற்றிப் பிடித்துத் துணி வெட்டிப் பாருங்கள். துணி வெட்டுப்படாமல் நடுவில் மடிந்துகொண்டு மானத்தை வாங்கும். யாரோ ஒரு மகானுபாவர் எங்கோ உட்கார்ந்து, "இதை வலது கைக்காரர்தான் உபயோகிக்கப் போகிறார்" என்று தீர்மானம் செய்துவிட்டார். நாமும் மறுபேச்சுப் பேசாமல் அவர் சொற்படி நடந்துகொண்டிருக்கிறோம். வலது கை சௌக்கியமாக இருக்கிற வரையில் இது ஒரு விஷயமாகவே தோன்றாது.

நாகர்கோவிலில் வடசேரியில் இருக்கும் எங்கள் மாமாவுக்கு 2022 ஆனி மாதம் ஒரு விடியற்காலையில் வலப் பக்கம் விழுந்துவிட்டது. அம்மாவின் கூடப் பிறந்த தம்பி அவர். வயது எழுபத்தைந்து. பொதுப்பணித் துறையில் இருந்தபோது தோவாளைக் கால்வாய், அனந்தனாறு என்று கரை கரையாக நடந்தவர். பேச்சிப்பாறைத் தண்ணீர் கடை வரப்புக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். மதகு ஷட்டரின் திருகுக் கைப்பிடி துருவேறி நகர மறுத்தால், ஆள் வரும் வரை காத்திராமல் தாமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திருகுவாராம். அந்தக் கை இப்போது மடியில் கிடந்தது, வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல.

ஆஸ்பத்திரியில் உயிருக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பேச்சு பத்து நாளில் தெளிந்தது. கால் ஒரு மாதத்தில் நடை பழகிற்று. கைதான் வரவில்லை. மேல் கை ஒருவாறு அசையும்; முழங்கை மடங்கும்; விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டா.

நான் பத்திரிகை வேலையில் நாலு நாள் விடுமுறை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனபோது ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. மாமா கூடத்தில் எல்லோருடனும் சாப்பிட உட்காரவில்லை. அத்தை உள்ளறைக்குத் தட்டை எடுத்துப் போனாள். கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டாள். இடது கையில் ஸ்பூன்! நம் வீடுகளில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகைகள் வந்தால் மாமா வாங்கி வைத்துக்கொள்வார், போகமாட்டார். முகூர்த்தத்துக்குப் போனால் பந்தியில் உட்காரச் சொல்வார்களே!

இனி ரீலுக்கு வருகிறேன். "குடும்பப் பத்திரிகையில் தூண்டில் ரீலைப் பற்றி என்ன பேச்சு? இவள் ஏதோ ரீல் விடுகிறாள்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சற்றுப் பொறுங்கள்.

மாமாவுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு, தூண்டில். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மணக்குடிக்குப் போய்விடுவார். பழையாறு கடலில் கலக்கும் இடம் அது. 2004 சுனாமி பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போன அதே இடந்தான். காயல் ஓரத்தில் தென்னை நிழலில் நின்று செம்பல்லிக்கும் கொடுவாவுக்கும் தூண்டில் வீசுவார். அக்கம்பக்கத்து மீனவர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். கன்னியாகுமரி ஜில்லாவில் தூண்டிலுக்குப் பேர்போனவர்கள் அவர்கள். தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போய்த் தூண்டிலில் சுறாப் பிடித்து வருகிறவர்கள். கையில் கயிற்றைப் பிடித்து, கை மாற்றிக் கை மாற்றி இழுப்பதுதான் அவர்கள் பாட்டன் காலத்து வழக்கம். அதற்கு இரண்டு கையும் வேண்டும். "மிஷினு வச்சு மீன் பிடிக்க வந்திருக்காரு ஓவர்சியர்!" என்பார்கள்.

அந்த மிஷின் சாமானியமானதல்ல. கப்பலில் உத்தியோகம் பார்த்த ஒரு சிற்றப்பா முறைக்காரர் எத்தனையோ வருஷங்களுக்கு முன் வெளியூர்த் துறைமுகம் ஒன்றில் வாங்கி வந்து கொடுத்தது. பிரெஞ்சு தேசத்து 'மிட்செல் 300'. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் க்ளூஸ் என்று ஓர் ஊர். கடிகார வேலைக்குப் பெயர் பெற்றது. அங்கே கார்ப்பனோ - போன்ஸ் கம்பெனியார் செய்த ரீல் இது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் கார்ஸியா கம்பெனியார் மூலம் போய் லட்சக்கணக்கில் விற்றதாம். கறுப்பு நிறம், முட்டை வடிவில் ஒரு பக்கம், உள்ளே கடிகாரம் போலப் பல் சக்கரங்கள். சுற்றினால் ஒரு மெல்லிய 'கிர்ர்' சப்தம் வரும். மாமாவுக்கு அது சங்கீதம். மாதம் ஒரு தடவை அத்தையின் தையல் மெஷின் எண்ணெயை இரண்டு சொட்டு திருடி அதற்கு விடுவார்.

ரீல் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. நூல் சுற்றிய உருளை சுழலுவதில்லை, சும்மா நிற்கிறது. தூண்டிலை வீசும்போது நூல் உருளையின் விளிம்பு வழியாகத் தானே உருவிக்கொண்டு ஓடுகிறது. திரும்பச் சுற்றும்போது ஒரு வளைந்த கம்பி உருளையைச் சுற்றி வந்து நூலை அதன்மேல் போடுகிறது. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டில் கம்பளி மில் நடத்திய ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் என்பவர் இந்த முறைக்கு 1905-இல் காப்புரிமை வாங்கினார். மில்லில் நூற்கண்டின் தலைப்பிலிருந்து நூல் சரசரவென்று உருவி வருவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்ததாகச் சொல்கிறார்கள். துணி நெய்கிற இடத்தில் மீன் பிடிக்க வழி கிடைத்தது, பாருங்கள்!

இந்த ரீலில் ஒரு விசேஷம். கைப்பிடி இடப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் பார்த்தவர்களெல்லாம், "இதென்ன அபசகுனம், இடது கையால் சுற்றுவதா?" என்றார்களாம். அதில் நியாயம் உண்டு. தூண்டில் கோலை வலது கையால் வீசுகிறோம். அதற்கு முந்திய காலத்து ரீல்களில் பலவற்றுக்குக் கைப்பிடி வலப் பக்கத்தில் இருந்ததால், வீசி முடித்ததும் கோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் சுற்ற வேண்டும். கை மாற்றுகிற அந்த இடைவெளியில் மீன் 'பெப்பே' காட்டிவிடும். கைப்பிடி இடப் பக்கம் இருந்தால் கை மாற்ற வேண்டாம். வலது கை வீசும், கோலைத் தாங்கும். இடது கை சுற்றும்.

அதாவது, சாமர்த்தியமான வேலையெல்லாம் வலது கைக்கு. இப்போது மாமாவிடம் இல்லாமற் போனது அதுதான்.

"சவத்தைத் தூக்கிப் பரண்மேல போடு" என்றார் மாமா, என் தம்பி ரீலை எடுத்து வந்து காட்டியபோது. தம்பி அதே தெருவில் இருக்கிறான். மாமாவின் பிள்ளைகள் இருவரும் வளைகுடா நாட்டில். நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் மாமன் சொத்து மருமகனுக்குப் போயிற்று. கவிமணி அந்த மருமக்கள் வழியைக் கேலி செய்து ஒரு நூலே பாடினார். அந்த வழக்கம் ஒழிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. எங்கள் தம்பிக்கு மட்டும் அது தெரியாது. சொத்து வந்ததோ இல்லையோ, மாமாவைக் குளிப்பாட்டுகிற வேலை அவனிடந்தான் வந்து சேர்ந்தது.

பயிற்சி கொடுக்க வந்த பிஸியோதெரபிப் பெண் நல்ல கெட்டிக்காரி. பந்தை அமுக்கச் சொன்னாள். ஆணி ஆணியாக எடுத்துத் துளையில் செருகச் சொன்னாள். மாமா இரண்டு நாள் செய்தார், மூன்றாம் நாள், "நான் என்ன பாலர் பள்ளிப் பிள்ளையா?" என்று பலகையைத் தள்ளிவிட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்ல கை இருக்கிற வரைக்கும் நோய்ப்பட்ட கை சோம்பேறியாகத்தான் இருக்கும், சார்" என்றாள். அலபாமா பல்கலைக்கழகத்து எட்வர்ட் டாப் என்பவர் நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிப் போட்டுவிட்டு, நோய்ப்பட்ட கையை நாள் முழுதும் வேலை வாங்குகிற ஒரு சிகிச்சையையே உண்டாக்கியிருக்கிறாராம். "ஒரே வேலையை நூறு தடவை செய்ய வேண்டும். அது அவருக்குப் பிடித்த வேலையாக இருந்தால் உத்தமம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் அத்தை திண்ணையில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். பழைய காலத்துக் கை மெஷின். சட்டென்று நிறுத்தினாள். தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏ பிள்ளே, இங்க பாரு. இதுல வலது கைக்கு என்ன பெரிய வேலை? வெறுமே சுத்துது. கூலிக்காரன்! துணியைப் பிடிச்சு, வளைச்சு, கோணாமக் கொண்டு போறது எல்லாம் இடது கைதான். மேஸ்திரி இங்கல்லா இருக்கான்?" என்றாள். பிறகு, "அந்த ரீலுக்குக் கைப்பிடியை இந்தப் பக்கம் மாத்தி வச்சா என்ன?" என்றாள்.

நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கோலை இடது கையில் பிடிக்கலாம். இடது கையால் வீசப் பழகலாம். வலது கைக்குச் சுமை இல்லை, நுணுக்கம் இல்லை. தோளும் முழங்கையும் சேர்ந்து வட்டமாகச் சுற்றினால் போதும். அதுவும் நூறு தடவை, இருநூறு தடவை! பயிற்சிக்காரி கேட்டதும் இதுதானே? கல்லூரியில் படித்த எங்கள் இருவருக்கும் தோன்றாதது, எட்டாம் வகுப்போடு நின்ற அத்தைக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் தம்பியும் நானும் ரீலைத் துணியில் சுற்றிக்கொண்டு கோட்டாற்றில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்கார அண்ணாச்சிக்குத் தூண்டில் பழக்கம் கிடையாது. ஆனால் எந்த யந்திரத்தைக் கண்டாலும் மரியாதை உண்டு. கையை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் ரீலைத் தொட்டார். கைப்பிடியை இப்படியும் அப்படியும் சுற்றினார். பின்பக்கம் சுழலாமல் தடுக்கிற பூட்டை வைத்துக்கொண்டு, சுற்றுகிற திசைக்கு எதிராக மெள்ளத் திருகினார். கைப்பிடி கழன்று வந்தது.

"கைப்பிடி பக்கம் மாத்தணும்னா முதல்ல மரையைப் பாக்கணும், தங்கச்சி. சைக்கிள் பெடலைப் பாத்திருக்கேளா? வலது பெடலுக்கு நேர் மரை. இடது பெடலுக்கு எதிர் மரை. ஏன்? மிதிக்க மிதிக்க இறுகணும், கழலப்படாது. இதுவும் அப்படித்தான். இடப் பக்கத்துக் கைப்பிடிக்கு எதிர் மரை. இதையே வலப் பக்கம் கொண்டுபோய் வச்சா, சுத்தச் சுத்தக் கழண்டு உங்க மாமா கையிலேயே வந்திரும்" என்றார்.

பிறகு மூடியைத் திறந்து காட்டினார். பெரிய பல் சக்கரத்தின் தண்டு இடப் பக்கம் மட்டுமே வெளியே நீண்டிருந்தது. வலப் பக்கம் துளையும் இல்லை, தண்டு உட்கார இடமும் இல்லை. துளை போட்டுத் தண்டை நீட்டினால் என்ன என்று தம்பி கேட்டான். அண்ணாச்சி பல் சக்கரத்தை விரல் நுனியால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். சத்தமே இல்லாமல் சுழன்றது.

"செய்யலாம். ரூபாயும் வாங்கிக்கிடலாம். ஆனா இந்தச் சக்கரம் இப்பம் ஓடுத ஓட்டம் அப்பம் ஓடாது. செஞ்சவன் ஒரு கைக்குன்னே செஞ்சிருக்கான். நான் இதைத் தொடமாட்டேன்" என்று சொல்லி மூடியைப் பழையபடி முடுக்கிவிட்டார். கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

அவர் சொன்னது அட்சரம் தவறாத உண்மை. வீட்டுக்கு வந்து தம்பி தேடிப் பார்த்தான். அந்தக் கம்பெனியார் கைப்பிடி மாற்ற வழி வைக்கவில்லை. வலப் பக்கம் வேண்டியவர்களுக்குக் கண்ணாடியில் பார்த்தாற்போல் அப்படியே திருப்பிப் போட்ட வேறொரு ரீலையே செய்து, 'மிட்செல் 301' என்று பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள். சின்ன ரீலுக்கு 308 என்றால் அதன் ஜோடி 309. கையை மாற்ற வேண்டுமானால் ரீலையே மாற்று என்கிற ஏற்பாடு! வெளிநாட்டில் பழைய 301 கிடைக்கத்தான் செய்கிறது. தபால் செலவைக் கேட்டதும் மாமா, "அந்தக் காசுக்குக் கடைத்தெருவுல வருஷம் பூரா மீன் வாங்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

இந்தக் காலத்து ரீல்களில் இந்தத் தொல்லை இல்லை. வீட்டில் தூண்டில்காரர் இருக்கும் சகோதரிகளுக்கு உதவுமே என்று சொல்கிறேன். பெரும்பாலானவற்றில் தண்டு இரண்டு பக்கமும் திறந்திருக்கும். சிலவற்றில் சதுரமாகவோ அறுகோணமாகவோ ஒரு கம்பி குறுக்கே போய், எதிர்ப்பக்கத்தில் ஒரு திருகு மூடியால் இறுகும்; மூடியைக் கழற்றி, கம்பியை உருவி, அந்தப் பக்கமாகச் செருகி, மூடியை இந்தப் பக்கம் போட்டால் தீர்ந்தது. வேறு சிலவற்றில் கைப்பிடித் தண்டிலேயே இரண்டு மரை இருக்கும். ஒன்று தடிப்பு, ஒன்று மெலிவு. ஒன்று நேர், ஒன்று எதிர். எந்தப் பக்கம் செருகினாலும் அதற்குரிய மரை மட்டும் கவ்வும். எதுவானாலும் வேகத்தில் முறுக்கக் கூடாது. கழலவில்லை என்றால் திசை தப்பு என்று அர்த்தம்.

அப்படி ஒரு ரீலை நடுத்தர விலையில் தம்பி வாங்கி வந்தான். கைப்பிடியை மாற்ற இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மாமா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. "பிளாஸ்டிக்கு" என்ற ஒரே வார்த்தையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது வருஷம் கூட இருந்த பொருளுக்குப் பதிலாக ஒன்றைக் கொண்டுவந்து, 'இனிமேல் உனக்கு இதுதான்' என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதிலும், பழையது கெட்டுப் போகவில்லை. கெட்டுப் போனது வேறு.

பன்னிரண்டு நாள் அந்த ரீல் அலமாரியிலேயே இருந்தது. பதின்மூன்றாம் நாள் தம்பியின் மகள், ஆறு வயதுச் சிறுமி, அதை எடுத்துக்கொண்டு முற்றத்தில் விளையாட ஆரம்பித்தாள். ஒரு துணிப் பையில் மணலை முடிந்து நூலில் கட்டி, முற்றத்தின் கோடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "பாட்டா, பெரிய மீனு! இழுங்க!" என்று கோலைக் கொண்டுவந்து மாமா மடியில் போட்டாள். மாமா இடது கையால் கோலைத் தூக்கினார். வலது கையை அத்தை எடுத்துக் கைப்பிடியில் வைத்தாள்.

விரல்கள் வழுக்கி வழுக்கி விழுந்தன. அத்தை உள்ளே போனாள். பழைய வேட்டித் துணியைக் கைப்பிடிக் குமிழில் சுற்றிச் சுற்றித் தைத்து எலுமிச்சம்பழப் பருமனுக்குக் கொண்டுவந்தாள். விரல்கள் நழுவாமல் இருக்க மேலே ஒரு நாடாவும் வைத்துத் தைத்தாள். மறுநாள் முழு முற்றத்தையும் கடந்து மணல் பை வந்து சேர்ந்தது. மொத்தம் பதினொரு சுற்று. நடுவில் நாலு முறை ஓய்வு. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மாமா, "இன்னொருக்கா கொண்டு வை, மக்களே" என்றார்.

ஐப்பசி முழுக்க இதே கூத்துத்தான். மழை பெய்தால் கூடத்தில், மழை விட்டால் முற்றத்தில். பயிற்சிக்காரி வந்து பார்த்துவிட்டு, நாடாவை வாரத்துக்கு ஒரு தையலாகத் தளர்த்தச் சொன்னாள். இடது கையால் வீசப் பழகினதுதான் பெரிய அமர்க்களம். ஈயக் குண்டு அடுத்த வீட்டுப் பலாமரத்தில் இரண்டு தடவை சிக்கிற்று. ஒரு தடவை அவர்கள் கொடியில் உலர்ந்த சேலையையே பிடித்து இழுத்துவிட்டது. அந்த வீட்டு அம்மாள் சண்டைக்கு வருவாள் என்று பயந்தோம். அவள் ஈயக் குண்டோடு ஒரு பலாக்கொட்டைப் பொட்டலத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

மார்கழியில் தம்பி மாமாவை மணக்குடிக்கு அழைத்துப் போனான். நானும் அப்போது ஊரில் இருந்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காயல் ஓரம் போட்டு உட்கார வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு செம்பல்லி, உள்ளங்கை அகலம். அதைக் கரைக்குக் கொண்டுவர மாமாவின் வலது கை எத்தனை சுற்றுச் சுற்றியது என்று நான் எண்ணவில்லை. பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் எண்ணினார் போலிருக்கிறது. "ஓவர்சியரே, மீனைக் காட்டிலும் சுத்துதான் கனம்!" என்று சிரித்தார். மாமாவும் சிரித்தார். அத்தை அன்றிரவு தேங்காய் அரைத்து, புளி விட்டுக் குழம்பு வைத்தாள். அந்த ஒரு மீனை ஏழு பேர் பங்கு போட்டோம்.

பழைய மிட்செலை மாமா பரண்மேல் போட விடவில்லை. கட்டில் பக்கத்து ஜன்னல் மேடையில் இருக்கிறது. மாதம் இரண்டு சொட்டு எண்ணெய் அதற்கு இன்னும் உண்டு. இப்போது எண்ணெய்ப் புட்டியை வலது கையால் சாய்க்கிறார். சில மாதம் இரண்டு சொட்டு, சில மாதம் பத்துச் சொட்டு. அத்தை கணக்குக் கேட்பதில்லை.

2024 தை மாதம் சுசீந்திரத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாமா தாமாகவே கிளம்பினார். பந்தியில் கோடி இலையாகப் பார்த்து உட்கார்ந்தார். நான் எதிர்வரிசையில் இருந்தேன். பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பருப்பும் நெய்யும் விட்ட சோற்றை மெதுவாகப் பிசைந்தார். கட்டைவிரல் சரியாகக் கூடவில்லை. பாதி வாய்க்குப் போயிற்று, பாதி இலைக்குத் திரும்பிற்று. அவியல் சுலபமாகப் போயிற்று. ரசம் முழங்கை வரை ஓடியது. அத்தை அவசரமாகக் கைக்குட்டையை நீட்ட, அதை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போளியும் பால் பாயசமும் வந்தன. போளியைப் பாயசத்தில் பிய்த்துப் போட்டுக் குழைத்தார். கை நடுங்கியது, புது வேட்டியில் பாயசம் சிந்தியது.

பரிமாறிக்கொண்டிருந்த பையன் குனிந்து, "அண்ணாச்சி, ஸ்பூன் கொண்டு வரட்டா?" என்று கேட்டான்.

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டாம்டே. இன்னொரு போளி வை."